சாம்பார்ல கலந்து குடுத்தா குடியை விட்ருவாரா?

கேள்வி: என் வீட்டுக்காரர் 12 வருஷமா குடிக்கிறார், இப்ப தினமும். ஒரு மாத்திரை இருக்கு, பொடி பண்ணி சாம்பார்ல கலந்து குடுத்துரு, அப்புறம் பாட்டிலயே தொட மாட்டார்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. குடுக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம்மா, குடுக்காதீங்க. அவங்க சொல்றது டைசல்ஃபிரம் மாத்திரை. 1940கள்ல டென்மார்க்ல ஹால்ட், ஜேக்கப்சன்னு ரெண்டு பேர் இது புழுவுக்கு மருந்தாகுமான்னு பாத்துட்டு இருந்தாங்க, தாங்களே போட்டும் பாத்தாங்க, அந்த நேரத்துல குடிச்சப்ப உடம்பு படாத பாடு பட்டுச்சு, அப்படித்தான் இது குடிநோய்க்கு வந்துச்சு.

நாம குடிக்கற ஆல்கஹாலை ஈரல் முதல்ல அசிட்டால்டிஹைடுன்னு ஒரு நச்சா மாத்தும், அப்புறம் அதையும் உடைச்சிரும். இந்த ரெண்டாவது வேலைய செய்யற என்சைமை மாத்திரை முடக்கிடுது. நச்சு அப்படியே தேங்கி, குடிச்ச 10லேருந்து 30 நிமிஷத்துல முகம் ஜிவுஜிவுன்னு செவந்து, தலை வலிச்சு, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, சில பேருக்கு பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும். இந்த ரியாக்‌ஷனுக்குன்னு தனி முறிவு மருந்து கிடையாது, ஆஸ்பத்திரில படுக்க வச்சு பாத்துக்கத்தான் முடியும்.

இன்னொண்ணு கேளுங்க. இந்த மாத்திரைல வேலை செய்யறது வாந்தி இல்ல, "குடிச்சா வாந்தி வரும்"னு அவருக்குத் தெரிஞ்சிருக்கறதுதான். தெரியாம குடுத்தீங்கன்னா சரக்கு சரியில்லன்னு நினைச்சு அடுத்த நாள் வேற பிராண்ட் வாங்குவார், அவ்ளோதான். எப்பவாவது சாம்பார் விஷயம் தெரிஞ்சுச்சுன்னா அப்புறம் உங்க கையால தண்ணிகூட வாங்கி குடிக்க மாட்டார்.

அவரே சம்மதிச்சா கதையே வேற. ஈரல் டெஸ்ட், ஈசிஜி எல்லாம் பாத்துட்டு, கடைசியா குடிச்சு குறைஞ்சது 12 மணி நேரம் ஆனப்புறம்தான் ஆரம்பிக்கணும், நாங்க பெரும்பாலும் இன்னும் சில நாள் தள்ளித்தான் குடுப்போம், ஏன்னா தினமும் குடிக்கறவர் பட்டுன்னு நிறுத்தினா கைநடுக்கம், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் எல்லாம் வரலாம், முதல்ல அதுக்கு மருந்து குடுத்து தாண்ட வைக்கணும். அப்புறம் வழக்கமா நாளைக்கு 250 மில்லிகிராம். உங்க வேலை இங்கதான், காலைல அவர் கண்ணு முன்னாடியே எடுத்து குடுத்து முழுங்கறத பாருங்க, வீட்ல ஒருத்தர் பாத்து குடுத்தாதான் இது நல்லா பலன் தரும்.

இருமல் டானிக், அரிஷ்டம் இதுலயும் ஆல்கஹால் இருக்கும், கவனம். வயித்துப்போக்குக்கு குடுக்கற மெட்ரோநிடசோலும் இந்த மாத்திரையோட சேர்த்து எடுக்கக்கூடாது. மாத்திரைய விட்டாலும் 2 வாரம் வரைக்கும் குடிச்சா ரியாக்‌ஷன் வரலாம், இன்னைக்கு போடல, அதனால குடிக்கலாம்ங்கற கணக்கு செல்லாது. கண்ணு மஞ்சளானா நிறுத்திட்டு உடனே வாங்க.

இது குடிக்கற ஆசைய குறைக்காது. அதுக்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி மருந்து இருக்கு, இதய நோய் இருக்கறவங்களுக்கு டைசல்ஃபிரமே ஆகாது, அதனால எதுன்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். அவர் வரலன்னா நீங்க மட்டும் முதல்ல மனநல ஓபிக்கு வாங்க, இல்ல குடி, போதை மீட்பு உதவி எண் 14446க்கு போன் பண்ணுங்க, அதுக்கு காசு கிடையாது. ஏற்கனவே கலந்து குடுத்திருந்தீங்கன்னா நிறுத்திட்டு, பயப்படாம டாக்டர்கிட்ட அதையும் சொல்லிடுங்க.