தலை வெளுத்த குருவியும் தூக்கணாங்கூடும்: சிங்கப்பூர் வாசகர்களின் கேள்வி பதில்

பொங்கோல் வாசகர்: லோரோங் ஹாலுஸ் பக்கம் உயர்ந்த புல்லில், தலை மட்டும் வெளுத்த பழுப்புக் குருவிகள் கூட்டமாக மேய்ந்தன. அவை வயது முதிர்ந்தவையா?

பதில்: அது நரையன்று. வெண்தலைச் சில்லை என்னும் இந்தச் சிறு குருவி வளர்ந்துவிட்டால் அதன் தலை அப்படித்தான் இருக்கும். இளம் பறவை வெறும் மங்கிய பழுப்பு. பிற சில்லைகளின் இளம் பறவைகளும் ஏறக்குறைய அதே நிறமாதலால், உடன் மேயும் பெரியவற்றைப் பார்த்தே இன்னது என்று ஊகிக்க வேண்டும். தலை கறுப்பாக இருந்தால் கருந்தலைச் சில்லை. மார்பில் மீன்செதில் போன்ற கோலம் இருந்தால் புள்ளிச் சில்லை. மூன்றுக்கும் அலகு கூம்பாகத் தடித்திருக்கும். புல்விதையின் உமியை நீக்க அதுவே கருவி.

ஈசூன் வாசகர்: சில்லைகளில் ஆணை எப்படி அறிவது?

பதில்: நிறத்தால் அறிய இயலாது. பாடுவது ஆண், ஆனால் புள்ளிச் சில்லையின் பாட்டு, அருகில் நின்றாலும் காதில் விழாத அளவுக்கு மெல்லியது.

தெம்பனிஸ் வாசகர்: மஞ்சள் தலைக் குருவிகள் பாதிக் கூடுகளைத் தொங்கவிட்டிருந்தன. சில மாதங்களுக்குப் பின் அங்கு ஒரு மஞ்சள் தலையும் இல்லையே?

பதில்: பறவை போகவில்லை, நிறம்தான் போயிற்று. இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே ஆண் தூக்கணாங்குருவிக்கு மஞ்சள் உச்சியும் கருமுகமும் உண்டு. மற்ற நாள்களில் அது பெண்ணைப் போலவே கோடுகள் கொண்ட பழுப்பாகி, சிட்டுக்குருவி என்று எண்ணும்படி ஏமாற்றிவிடும். நீங்கள் கண்ட பாதிக் கூடு, தலைகீழாகக் கவிழ்த்த தொப்பி போன்றது. புல்லையும் பனையோலையையும் நாராகக் கிழித்து ஆண் அதுவரை பின்னி, பெண்ணை அழைக்கும். வந்து பார்த்த பெண்ணுக்குப் பிடித்தால்தான் நீண்ட நுழைவுக் குழாயுடன் வேலை முடியும், பிடிக்காத கூடு அப்படியே தொங்கும். முடித்ததும் அந்த ஆண் அடுத்த கூட்டையும் அடுத்த துணையையும் தேடும். அடைகாப்பது பெண்ணின் பொறுப்பு. கூட்டுக்குள் களிமண் பூசுவது உண்மை. அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்று நம் பாட்டிமார் சொன்னது மட்டும் அழகான கற்பனை.

ஜூரோங் வாசகர்: வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் இந்தக் குருவிகளுக்குத் தினை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். காட்டுயிர்களுக்கு அனுமதியின்றி உணவளிப்பது 2020 முதல் இங்கு குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. மேலும், தினைக்கு முதலில் வருவன மாடப்புறாக்களே. சில்லையைக் காண விரும்பினால், வெட்டப்படாத கினிப்புல் கதிர் முற்றியிருக்கும் இடத்தில் காலையில் அசையாமல் நில்லுங்கள். புல்தாள் வளைந்து ஆடும் இடத்தில் அது இருக்கும்.