டெக் கேடட்டாக (கப்பல் ஓட்டும் அதிகாரியாகப் பயிற்சி பெறுபவராக) போனால் கப்பலைத் திருப்பக் கொடுப்பார்களா, துரு சுரண்டுவது மட்டும்தானா?

கொடுப்பார்கள் தம்பி. கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். "போற வரைக்கும் துரு சுரண்டி பெயிண்ட் அடிச்சிட்டு வருவ" என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த ஊர்தான், தேவனாம்பட்டினம். இந்தப் பேச்சைக் காது புளிக்கக் கேட்டவன் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

துரு சுரண்டுவது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எஸ்.டி.சி.டபிள்யூ என்ற, கடலோடிகளின் பயிற்சிக்கான சர்வதேச விதிப்படி பயிற்சிக் காலத்தில் குறைந்தது 6 மாதமாவது பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், வாட்ச் என்ற முறைப்பணி பார்த்திருக்க வேண்டும். செய்த வேலைக்கெல்லாம் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து விழ வேண்டும். கேடட்டை டெக்கிலேயே போட்டு வைத்தால் அது அந்தக் கப்பலின் குறை, படிப்பின் குறை அல்ல.

என் கதைக்கு வருகிறேன். நிலக்கரி ஏற்றிய பல்க் கேரியர். இலங்கைக்குக் கிழக்கே, காற்று ஓய்ந்த ஒரு காலையில், கேப்டன் ஒரு அட்டைப் பெட்டியை ஸ்டார்போர்ட் (வலது) பக்கம் கடலில் போடச் சொன்னார். "அதுதான் விழுந்த ஆள். ஆர்டர் நீ கொடு" என்றார். விழுந்தவரை மீட்க வந்த வழிக்கே கப்பலைத் திருப்பும் வில்லியம்சன் திருப்பம் எடுக்க வேண்டும். ஆள் விழுந்த பக்கத்துக்கே சுக்கானை முழுதாகத் திருப்பினால்தான் கப்பலின் பின்புறமும் புரொப்பெல்லரும் அவரை விட்டு விலகும். பழைய திசையிலிருந்து 60 டிகிரி திரும்பியதும் எதிர்ப்பக்கம் முழுதாக. அப்புறம் கப்பல் சுற்றிக்கொண்டு வந்த வழிக்கே திரும்பும். தாளில் இவ்வளவுதான்.

"ஹார்ட் எ ஸ்டார்போர்ட்" என்றேன். வீலில் இருந்தவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சுற்றினார். சுக்கான் முள் 35-க்குப் போய்விட்டது, கப்பலோ அசையக் காணோம். கைரோ திசைகாட்டியில் ஒரு டிகிரி, இன்னொரு டிகிரி, பிறகு எண்கள் ஓட ஆரம்பித்தன. 60-ல் எதிர்ப்பக்கம் போட்டும் முகப்பு கொஞ்ச நேரம் பழைய பக்கமே போய்க்கொண்டிருந்தது. சுமை ஏற்றிய கப்பல் அப்படித்தான். எதிர்த்திசைக்கு இன்னும் 20 டிகிரி இருக்கும்போதே "மிட்ஷிப்ஸ்" (சுக்கானை நடுவுக்கு) சொல்லி, உடனே திரும்புவதை நிறுத்த எதிர்ச்சுக்கானும் கேட்டேன். கப்பல் நின்ற கோட்டில், முகப்புக்குக் கொஞ்சம் வலப்பக்கம், பெட்டி மிதந்துகொண்டிருந்தது. கேப்டன் பாராட்டவில்லை. ஆனால் அடுத்த பயிற்சிக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்.

அந்த நிதானம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்ட இடத்தில் ஃபைபர் போட்டை உள்ளே கொண்டுவரும்போது, "திரும்புறது தெரிஞ்சப்புறம் நிறுத்துனா லேட்டுடா, அதுக்கு முன்னாடியே நிறுத்தணும்" என்பார். மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இது வரும் என்று நான் சொல்வதாகச் சண்டைக்கு வராதீர்கள். என்னோடு இருந்த தருமபுரிப் பையன் பதினேழு வயது வரை கடலையே பார்த்ததில்லை, பிரமாதமாகச் செய்தான். சிமுலேட்டர் போதுமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆர்டர்களை அதில் பழகலாம். சுக்கான் போட்டும் கப்பல் அசையாத அந்த நேரத்தில் பதறாமல் நிற்பது கப்பலில்தான் வரும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ராணுவத்தில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு. வணிகக் கப்பலில் நடுக்கடலில் இருக்கும் எங்களுக்கு அது கிடையாது. முகத்துவாரத்தைத் தூர்வாருகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்து ஓட்டுக் கேட்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாமலே தேர்தல்கள் போகின்றன. இது நியாயமே இல்லை.

சரி, உங்கள் விஷயம். துறைமுகத்துக்குள் போகும்போது கேடட் கையில் கப்பல் வராது, அது பைலட்டும் (துறைமுகத்துக்குள் வழிகாட்ட ஏறுபவர்) கேப்டனும் பார்க்கும் வேலை. உங்களுக்கு பெல் புக், அதாவது இன்ஜினுக்குக் கொடுக்கும் ஆர்டர்களின் பதிவேடு, எழுதும் வேலை வரும். "டெட் ஸ்லோ அஸ்டெர்ன்" (மிக மெதுவாகப் பின்னோக்கி) என்று எழுதிவிட்டு உடனே தலை நிமிர்ந்து முகப்பைப் பாருங்கள். வலம் சுழலும் புரொப்பெல்லர் பின்னோக்கி ஓடும்போது கப்பலின் பின்புறம் இடப்பக்கம் இழுக்கும், முகப்பு வலப்பக்கம் போகும். பைலட் அதை எப்படி உபயோகப்படுத்துகிறார் என்று பாருங்கள். திறந்த கடலில் கூட்டம் இல்லாத வாட்ச்சில், "சார், கொஞ்ச நேரம் ஹேண்ட் ஸ்டியரிங் எடுக்கட்டுமா" என்று நீங்களே கேளுங்கள். நான் போன கப்பல்களில் கேட்டவனுக்கு ஆட்டோபைலட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.