வாசகர் கேள்வி–பதில்: டீசல் எஸ்டேட் காருடன் குடும்பம் நடத்துவது

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே வசிக்கிறோம். நாங்கள் வாங்கிய பழைய டீசல் எஸ்டேட் காரில் (பின்புறம் நீண்டு, சாமான் வைக்க இடம் கூடிய கார்), பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவரும் நாட்களில் புகையிலுள்ள கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிகிறது. சாலைப்பணி நடக்கும் இடங்களில் ஸ்டியரிங் தானாக இழுக்கிறது. கார் பழுதா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் பழுதல்ல, சகோதரி. வடிகட்டியில் சேரும் கரித்தூள் ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் எரிந்து தீரும் என்பதால், மூன்று கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் காரில் அந்த வேலை பாதியிலேயே அறுந்துபோகிறது. நிறுத்திய பிறகும் முன்புற விசிறி இரைந்து, சூட்டு வாடை வீசினால் எரிப்பு நடுவழியில் நின்றதென்று கொள்ளலாம். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டுங்கள். அதன் பிறகும் விளக்கு அணையாவிட்டால் பணிமனைக்குக் கொண்டுசெல்லத் தாமதிக்காதீர்கள்.

ஸ்டியரிங்கை இழுப்பது, சாலைக் கோடுகளைப் பார்த்து காரை அதன் தடத்திலேயே வைக்க முயலும் ‘தடம் காக்கும் வசதி’. ஜெர்மனியில் சாலைப்பணி நடக்குமிடத்தில் தற்காலிக மஞ்சள் கோடுகளே செல்லுபடியாகும். ஆனால் முன்கண்ணாடிக்குப் பின்னுள்ள கேமரா, அழியாமல் கிடக்கும் பழைய வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு காரை அதன் பக்கம் திருப்பப் பார்க்கும். அங்கே அந்த வசதியை அணைத்துவிட்டு, இரு கைகளாலும் ஓட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை: முன்செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தைக் குறைக்கும் குரூஸ் வசதி, நெரிசலின் வாலில் அசையாமல் நிற்கும் வண்டியைக் கவனிக்காமல் போகக்கூடும். பின்னிருக்கையில் பிள்ளைகள் இருக்கும்போது பிரேக்கை அதன் பொறுப்பில் விடாதீர்கள்.