நார்வே போகும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நார்வே பயணம் பற்றி வந்த கேள்விகளில், மற்றவர்களுக்கும் உதவக்கூடிய சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலையில் 8 நாள் போகிறோம். ஓஸ்லோ, பெர்கன், லோஃபோட்டன் தீவுகள், ட்ரோம்ஸோ, நார்த் கேப் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

இப்படிச் செய்யவே செய்யாதீர்கள். ஓடிக்கொண்டே இருப்பீர்கள், எதையும் நின்று பார்த்த நிறைவு இருக்காது. நார்வே மிக நீளமான நாடு. ஓஸ்லோவிலிருந்து ட்ரோம்ஸோவுக்குச் சாலை வழியே 1,600 கிலோமீட்டருக்கு மேல். ட்ரோம்ஸோவுக்கு ரயிலும் கிடையாது. தெற்கிலிருந்து வரும் பாதை பூடோ என்ற ஊரோடு நின்றுவிடுகிறது.

8 நாள் என்றால் வடக்கிலுள்ள லோஃபோட்டன், ட்ரோம்ஸோ, நார்த் கேப்பை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓஸ்லோவில் 2 இரவு, வழியிலுள்ள ஃப்ளோம் என்ற சிறு ஊரில் 2 இரவு, பெர்கனில் 3 இரவு. பெர்கனுக்கு ஏன் 3 என்றால், வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. ஒரு நாள் மழையில் போனாலும் கையில் இன்னொரு நாள் இருக்க வேண்டும்.

ஓஸ்லோவில் பெர்கன் ரயிலில் ஏறினால் வழியில் ஃபின்ஸே நிலையம் வரும். கடல் மட்டத்திலிருந்து 1,222 மீட்டர். ஜூலையிலும் சுற்றியுள்ள மலைகளில் பனி கிடக்கும். அதைத் தாண்டி மிர்டாலில் இறங்கி, ஃப்ளோம் ரயிலுக்கு மாற வேண்டும். 20 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு மணி நேரத்தில் 860 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. வழியில் 20 சுரங்கங்கள். அவற்றில் 18 கையாலேயே குடைந்தவை. நடுவே ஷோஸ்ஃபோசென் அருவி பக்கம் ரயிலைச் சில நிமிடம் நிறுத்துவார்கள். மேடையில் இறங்கி நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும். கேமராவுக்கு ஒரு உறையை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளோமிலிருந்து குட்வாங்கனுக்குப் படகில் சுமார் 2 மணி நேரம். யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நேரோய் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடல் பகுதி) வழியாகப் போகும். ஓரிடத்தில் இரு கரைக்கும் நடுவே வெறும் 250 மீட்டர்தான். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் நீங்கள் கொடுக்கும் காசுக்கு முழு மதிப்பு இந்த 2 மணி நேரத்தில் இருக்கிறது. குட்வாங்கனிலிருந்து பஸ்ஸில் வோஸ், அங்கிருந்து ரயிலில் பெர்கன்.

இதே வழியை ஒரே பேக்கேஜாகவும் விற்கிறார்கள். அதிலும் போவது எல்லாரும் போகும் அதே ரயில், படகு, பஸ்தான். டிக்கெட்டுகளைத் தனித்தனியே முன்கூட்டியே எடுத்தால் பெரும்பாலும் மலிவாக முடியும். முக்கியமாக ஓஸ்லோ–பெர்கன் ரயிலில் குறைந்த விலை டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. அப்போது இரவு வானில் தோன்றும் வடக்கு ஒளி (அரோரா) தெரியுமா?

தெரியாது. அதற்கு இருட்டு வேண்டும். ட்ரோம்ஸோவில் ஏறக்குறைய மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. மே தொடக்கத்திலும் இரவு சரியாக இருட்டாது. செப்டம்பர் பிற்பகுதி முதல் மார்ச் கடைசி வரைதான் காலம். அப்போதும் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. அதனால் ஒரே இரவை நம்பிப் போகாமல் குறைந்தது 4 இரவாவது தங்குங்கள். வானிலையைப் பார்த்து, மேகமில்லாத இடம் தேடி வண்டியில் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். சில இரவுகளில் ஃபின்லாந்து எல்லை வரை கூடப் போவார்கள். அந்தச் செலவு செய்யத் தகுந்தது.

ஆனால் மே மாதத்தை வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். பனி உருகி அருவிகள் நிரம்பி வழியும் காலம் அது. ஹார்டாங்கர் பகுதியில் ஆப்பிள் தோட்டங்கள் பூத்திருக்கும். பிள்ளைகளோடு போவதால், முடிந்தால் மே 17 அன்று ஓஸ்லோவில் இருங்கள். 1814-இல் அரசியல் சாசனம் கையெழுத்தான நாள். அதுதான் அவர்களின் தேசிய நாள். பள்ளிப் பிள்ளைகள் கொடியேந்தி கார்ல் யோஹான் வீதி வழியே அரண்மனைக்கு ஊர்வலம் போவார்கள். ராணுவ அணிவகுப்பெல்லாம் இல்லை. அந்த நாளே பிள்ளைகளுடையதுதான். கடைகள் மூடியிருக்கும், அறை வாடகை ஏறும், அதனால் முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே, தனி விசா வேண்டுமா?

வேண்டாம், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா போதும். நார்வேயில்தான் அதிக நாள் தங்குகிறீர்கள் என்றால் நார்வேயிடமே விண்ணப்பிக்க வேண்டும். முதலில் அவர்களின் குடிவரவுத் துறை இணையதளத்தில் படிவம் நிரப்பிக் கட்டணம் கட்டி, அப்புறம் விண்ணப்ப மையத்தில் நேரம் வாங்கிப் போக வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடையில் போகிறவர்கள் ஏப்ரல், மே வரை தள்ளிப்போடாதீர்கள். கடைசி நேர நெருக்கடியில் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அப்படித் தள்ளிப்போடுகிறவர்கள்தான்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? செலவு பயமாக இருக்கிறது.

விடுதிக் கட்டணத்தில் காலை உணவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ரொட்டி, சீஸ், பழம், தயிர், கஞ்சி என்று நன்றாகவே வைப்பார்கள். மதியத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் செய்வதையே செய்யுங்கள்: ரொட்டித் துண்டுகளைப் பொதிந்து கையோடு எடுத்துப்போவது. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். ரேமா 1000, கிவி போன்ற மலிவு விலைக் கடைகளில் பொருள் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம்; குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும்.

சமையலறை உள்ள சிறு மரவீடுகள் முகாம் இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். படுக்கை விரிப்புக்குப் பல இடங்களில் தனிக் காசு. ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். ஆனால் நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் இறைச்சியையும் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கொண்டுபோக அனுமதி இல்லை. விடுதி அறைக்குள் குக்கர் வைத்துத் தாளிக்காதீர்கள், தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும். ஈழத்தமிழர் பல ஆண்டுகளாக வாழும் ஊர் ஓஸ்லோ. நம் மளிகைப் பொருள் வேண்டுமென்றால் கிரோன்லாண்ட் பகுதியில் தேடுங்கள்.

கார் ஓட்டிப் போகலாமா?

கோடையில் தாராளமாக. வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பகலிலும் விளக்கு எரிய வேண்டும், அது சட்டம். ஊருக்குள் பொதுவாக 50, வெளியே 80 கிலோமீட்டர் வேகம். மீறினால் அபராதம் மிகக் கடுமை. வரைபடத்தில் 200 கிலோமீட்டர் என்று பார்த்து 2 மணி நேரக் கணக்குப் போடாதீர்கள். வளைவுகளும் ஃபெர்ரிகளும் சேர்ந்து இரு மடங்கு நேரம் பிடிக்கும். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் குளிர்காலத்தில் காரே எடுக்க வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. ப்ரெய்கெஸ்டோலன் பாறைக்கு அழைத்துப் போகலாமா?

வேண்டாம். போக வர 8 கிலோமீட்டர், கல்லும் ஏற்றமுமான பாதை. அதற்குப் பதில் ஸ்டவாங்கரிலிருந்து லீசே ஃபியோர்டில் படகில் போனால், 604 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பாறையைக் கீழிருந்து பார்க்கலாம். ஃப்ளோம் பக்கம் போனால் ஸ்டெகாஸ்டைன் காட்சிமேடை இருக்கிறது. 650 மீட்டர் உயரத்தில், மலையிலிருந்து 30 மீட்டர் வெளியே நீட்டிக் கட்டியது. வண்டி அருகிலேயே போய்விடும். பெர்கனில் ஃப்ளோயன் மலைக்கு இழுவை ரயிலே ஏற்றிவிடும்.

பணமாக எவ்வளவு மாற்ற வேண்டும்?

அநேகமாக எதுவும் வேண்டாம். பஸ் டிக்கெட், கழிப்பறை, தெருக்கடை என்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கார்டு செல்லும். வெவ்வேறு வங்கிகளின் 2 கார்டுகளை எடுத்துப்போங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயக்கப்பட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். ரூபாயா, நார்வே பணமான குரோனரா என்று இயந்திரம் கேட்டால் குரோனரைத் தேர்ந்தெடுங்கள்.