பதில்: ஊட்டில தொட்டி மீன் விடிகாலைல மேல வந்து வாய் பிளக்குது

வணக்கங்க, தண்ணியிலயே ஆக்ஸிஜன் இருக்கே அப்புறம் ஏன் மூச்சு முட்டுதுன்னு கேட்டிருந்தீங்க, நியாயமான கேள்விதாங்க. தண்ணியோட எடைல சுமார் 89 சதவீதம் ஆக்ஸிஜன்தான், ஆனா அது ஹைட்ரஜனோட இறுக்கமா பிணைஞ்சு கிடக்கு, செவுளால அதைப் பிரிக்க முடியாது. மீனுக்கு வேண்டியது காத்துல இருந்து தண்ணில கரையுற தனி ஆக்ஸிஜன். 20 டிகிரில கடல் மட்டத்துல லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கம்மி, அதனால சுமார் 7தான். குளிர்ந்த தண்ணில கூடுதலா கரையும், நம்ம ஊருக்கு அது ஒரு ஆறுதல்.

உங்க தொட்டில குளிர் பிரச்சனை இல்லைங்க, தண்ணில இருக்கிற அந்தப் பச்சைப் பாசிதான்னு நினைக்கிறேன். பாசி பகல்ல வெளிச்சத்துல ஆக்ஸிஜன் விடும், ராத்திரி அதுவும் மீனோட சேர்ந்து இழுக்கும், அதான் விடியறப்போ ஆக்ஸிஜன் அளவு ரொம்பக் குறைஞ்சுடுது, நாலு நாளா மூடுபனின்னு வேற சொல்றீங்க, வெளிச்சம் கம்மியா இருந்து பகல்லயும் ஆக்ஸிஜன் சரியா சேர்ந்திருக்காது. இன்னைக்கு ராத்திரியே ஏர் பம்ப் போட்டு விடிய விடிய ஓட விடுங்க, தீனிய ரெண்டு நாள் நிறுத்துங்க, அழுகின இலையெல்லாம் அள்ளிடுங்க, கால்வாசி தண்ணி மாத்துங்க, குழாய்த் தண்ணின்னா குளோரின் போக்கிட்டு ஊத்துங்க. பாசி மருந்து மட்டும் இப்போ வேண்டாங்க, செத்த பாசி அழுகுறப்போ மிச்சம் இருக்கிற ஆக்ஸிஜனையும் தின்னுடும். நாளைக்குக் காலைல எப்படி இருக்குன்னு எழுதுங்க.