எப்போதும் அதே பத்துப் பிள்ளைகள்தான் மேடையேறுகிறார்கள், என்ன செய்யலாம்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

"வணக்கம் டீச்சர். என் மகன் இங்குள்ள தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில் மொத்தம் 130 பிள்ளைகள். இந்த ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். சங்கத்தின் கையில் 4,000 ரிங்கிட் இருக்கிறது. பாதிப்பேர் வழக்கம்போல் பரிசளிப்பு விழாவைப் பெரிதாக வைப்போம் என்கிறார்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ரோபோட்டிக்ஸ் வகுப்பு நடத்தலாம் என்கிறார்கள். வருடா வருடம் அதே பத்துப் பிள்ளைகள்தான் மேடை ஏறுகிறார்கள். என் மகன் ஒருமுறைகூட ஏறியதில்லை. முழு வருகைப் பரிசையாவது வாங்கிவிடுகிறேன் என்று போன மாதம் காய்ச்சலோடு பள்ளிக்குப் போய்விட்டான். எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள். போன ஆண்டு மிஞ்சிய பன்னிரண்டு கிண்ணங்கள் வேறு ஸ்டோரில் கிடக்கின்றன."

முதலில் காய்ச்சலைப் பற்றிப் பேசிவிடுவோம். விழா எப்படி நடந்தாலும் சரி, முழு வருகைப் பரிசை இந்த ஆண்டே நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளிக்கு வருவது பாதிக்குப் பாதி பிள்ளையின் கையில் இல்லை. அம்மா வேலைக்குப் போய்விட்டால் உடம்பு சரியில்லாத தம்பியைப் பார்த்துக்கொள்வது அக்காதான். இளைப்பு நோய் (ஆஸ்துமா) உள்ள பிள்ளை எவ்வளவு ஆசைப்பட்டாலும் அந்தக் கிண்ணத்தைத் தொட முடியாது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், அம்மை போட்டிருந்த பையன் ஒருவன் நீளக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது நாள்தான் நான் கவனித்தேன். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "இன்னும் ரெண்டு மாசம்தான் டீச்சர், கிண்ணம் கெடச்சிடும்" என்றான். இரண்டு வாரத்தில் வகுப்பில் பாதி நாற்காலி காலி.

அந்தப் பரிசால் வருகையாவது கூடுகிறதா என்றால், அதுவும் சந்தேகம்தான். அமெரிக்காவில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. முழு மாதமும் வந்தால் விருது என்று முன்கூட்டியே சொன்னதில் எந்தப் பலனும் இல்லை. ஏற்கெனவே முழுமையாக வந்தவர்களைப் பாராட்டி விருது கொடுத்தபோது, அவர்களுடைய வருகை பிறகு குறைந்தே போனது. 'நாம் மற்றவர்களைவிட அதிகமாகவே வந்துவிட்டோம் போலிருக்கிறது' என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அவர்கள் பெரிய பிள்ளைகள்தான், நம் ஊரும் வேறுதான். ஆனாலும் காய்ச்சலோடு ஒரு பிள்ளையை அனுப்பிவைக்கும் அளவுக்கு அந்தக் கிண்ணத்தில் ஒன்றுமில்லை.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். விழாவா, வகுப்பா என்று செயலவை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அடுத்த கூட்டத்தில் நீங்கள் வேறொரு கேள்வியைக் கேளுங்கள்: நம் 130 பிள்ளைகளும் இந்த ஆண்டு புதிதாக எதைச் செய்து பார்க்கப் போகிறார்கள்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் விழாவில் யாரை எதற்காகப் பாராட்டுவது என்பது தானாகத் தெளிந்துவிடும். இப்போது நாம் செய்வது தலைகீழ் வேலை. கிண்ணத்தை முதலில் வாங்கிவிட்டு, கொடுக்க ஆள் தேடுகிறோம். எண்களில் முந்தியவர்கள்தானே கண்ணுக்குத் தெரிவார்கள்? அதனால்தான் அதே பத்துப் பேர்.

ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் பரிசளிப்பு விழா என்றாலே எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவர்களின் விழாதான். 2021-இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ள வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை உள்ள அடைவுநிலை, ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் எதுவரை தேறியிருக்கிறது என்று காட்டுவதற்காக வந்தது. யார் முதலாவது, யார் கடைசி என்று வரிசைப்படுத்த அது உதவாது. ஆனால் பல பள்ளிகளில் தேர்வு போய்விட்டது, விழா மட்டும் பழைய அச்சிலேயே நிற்கிறது.

பிள்ளைகள் புதிதாகச் செய்து பார்ப்பதற்கு வளப்படுத்தும் நடவடிக்கை என்று பெயர். அதைச் சொன்னவுடன் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்பு என்று நினைத்துவிடுகிறோம். ஜோசப் ரென்சுல்லி என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1977-இல் இதற்கு மூன்று வகை சொன்னார். முதல் வகை, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் பிள்ளைகளின் கண்ணில் காட்டுவது. இரண்டாவது, அதை ஆராய்வதற்கான திறனைக் கற்றுக்கொடுப்பது: அளப்பது, கேள்வி கேட்பது, குறிப்பெடுப்பது. மூன்றாவது, ஆர்வம் பிடித்துக்கொண்ட பிள்ளை தானே ஒரு கேள்வியைக் கையில் எடுத்து விடை தேடுவது. மீத்திறன் மாணவர்களுக்கென்று தொடங்கியதை அவரே பிற்பாடு முழுப் பள்ளிக்குமாக விரித்தார். முதல் இரண்டும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. மூன்றாவதுக்கு யார் வருவார்கள் என்று முன்கூட்டியே நம்மால் சொல்ல முடியாது.

இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை ஃபெரியில் ஏற்றி ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துப் போனோம். குவீன் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில், அதைச் சுற்றி லிட்டில் இந்தியா கடைகள். பூக்கடையில் ஒரு பெண் பிள்ளை, "அங்கிள், ஒரு முழம்னா எவ்வளவு?" என்று கேட்டாள். அவர் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டி, "இவ்வளவுதான்" என்றார். அவள் விடவில்லை. பையிலிருந்த அளவுகோலை எடுத்து அவர் கையை அளந்தாள். 46 சென்டிமீட்டர். பக்கத்துக் கடை அக்காவின் கை 42. மூன்றாவது கடையில் 48. விலை மட்டும் மூன்றிலும் ஒன்றேதான். "அப்போ பெரிய கை உள்ளவங்ககிட்ட வாங்கினாதான் லாபம், டீச்சர்!" என்று ஓடி வந்தாள்.

கணிதத்தில் அவள் எப்போதும் கடைசி வரிசை. மறுவாரம் அட்டவணை போடக் கற்றுக்கொடுத்தோம். அதற்குப் பிறகு அவளாகவே ஆசிரியர்கள், தோட்டக்காரர், சிற்றுண்டிச்சாலை அக்கா என்று முப்பது பேருடைய கையை அளந்து, பட்டை வரைபடம் போட்டு, ஒரு சபைகூடலில் வந்து பேசினாள். எங்களுக்கு ஆன செலவு போக்குவரத்தும் மூன்று முழம் மல்லிகையும்.

உங்கள் பள்ளியிலிருந்து இப்படிப் போக இடமா இல்லை? 1884-இல் அமைத்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. கொம்தார் கட்டடத்தில் டெக் டோம் அறிவியல் மையம் இருக்கிறது. 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பு நடந்தது என்று பெரியவர்கள் சொல்லும்போது பிள்ளைகள் நம்பாமல் பார்ப்பார்கள். அதை வைத்தே 'என் தாத்தா எங்கே படித்தார்?' என்று ஒவ்வொரு வீட்டிலும் விசாரித்து எழுதச் சொல்லலாம். அதற்கு பஸ்கூடத் தேவையில்லை. வெளியே அழைத்துப் போவதென்றால் மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம் எல்லாம் வேண்டும். அதைத் தலைமையாசிரியர் வழியாகத்தான் செய்ய வேண்டும், நாளைக் குறித்தவுடனே தொடங்கிவிடுங்கள்.

ரோபோட்டிக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடத்த வரும் நிறுவனத்திடம் மூன்றைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை பிள்ளைகள்? ஐந்தாறு பேர் என்றால் ஒருவன் செய்வான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவர்கள் போன பிறகு பொருள்கள் பள்ளியில் இருக்குமா? நம் ஆசிரியர் ஒருவருக்காவது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது ஒருநாள் கூத்து.

உங்கள் பள்ளி மாதிரி சிறிய பள்ளிகளில் இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். 150 பேருக்கும் குறைவு என்றால் குறைந்த மாணவர் பள்ளி என்ற கணக்கில் வந்துவிடும். அங்கே இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டிக்கும் அதே பிள்ளை, பேச்சுப் போட்டிக்கும் அதே பிள்ளை, குறுக்கோட்டத்துக்கும் அதே பிள்ளை. பள்ளிக்கு வேறு வழி இல்லாததுபோல் தோன்றும். பாவம், அந்தப் பிள்ளைக்கும் ஓய்வில்லை, மற்றவர்களுக்கும் வாய்ப்பில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு தவணையில் இரண்டு போட்டிகளுக்கு மேல் இல்லை என்று ஒரு வரம்பு வைத்துப் பாருங்கள். முதல் ஆண்டு வெற்றி குறையும், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் பள்ளியில் மூன்றாவது ஆண்டில் புதுக் குரல்கள் வந்தன.

இனி விருது. விருதே கூடாது என்ற கட்சி நான் இல்லை. எப்படிப்பட்ட விருது என்பதில்தான் இருக்கிறது. சாரணர் இயக்கத்தைப் பாருங்கள். தொடக்கப்பள்ளிச் சாரணர்களுக்கு உயரிய விருது கெரிஸ் கங்சா. அதற்கென்று வகுத்த தகுதிகளை ஒவ்வொன்றாக முடித்தவருக்கு அது கிடைக்கும். ஒருவர் வாங்கினால் இன்னொருவருக்கு இல்லாமல் போகாது. என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே பிள்ளைக்குத் தெரியும். 'வகுப்பில் முதல் மூன்று பேர்' என்று வைத்தாலோ, மற்றவர்கள் ஆண்டு தொடங்கிய இரண்டாவது மாதத்திலேயே கணக்குப் போட்டுக் கைவிட்டுவிடுவார்கள். உங்கள் விருதுகளில் பெரும்பாலானவை சாரணர் சின்னம் மாதிரி இருக்கட்டும்.

ஆனால் பிள்ளை ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்கு முன்கூட்டியே பரிசு அறிவிக்காதீர்கள். 1973-இல் ஒரு புகழ்பெற்ற சோதனை நடந்தது. வரைவதில் விருப்பமுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகள் 51 பேர். ஒரு பிரிவிடம் வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து மறைந்திருந்து பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்ற இரு பிரிவினர் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

வாசிப்பில் இதை நாமும் பார்க்கிறோம். படித்த புத்தகங்களைப் பிள்ளைகள் பதிந்துவரும் நீலாம் வாசிப்புத் திட்டம் தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. நல்ல திட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எத்தனை புத்தகம் என்ற எண்ணிக்கைக்கு மட்டும் பரிசு வைத்தால், பின்னட்டையைப் பார்த்து எழுதும் கலையைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். ஒரே மாலையில் பதினொரு புத்தகம் பதிந்த பையனிடம் ஒரு கதையின் முடிவைக் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை, அந்த எண்ணைக் கேட்டது நாங்கள்தானே. அதற்குப் பிறகு, படித்த கதையை முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்காட்டினால்தான் பள்ளி அளவில் கணக்கு என்று மாற்றினோம். எண்ணிக்கை இறங்கியது, நூலகத்தில் சத்தம் ஏறியது.

விழாவை எளிமையாக வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சான்றிதழ், அதில் அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடிய ஒரு வரி. 'சிறந்த மாணவர்' என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் பொருந்தும். 'முப்பது பேரின் முழத்தை அளந்து வரைபடம் போட்டவர்' என்றால் ஒருத்திக்குத்தான் பொருந்தும். எல்லாருக்கும் கொடுத்தால் மதிப்பிருக்காதே என்று செயலவையில் யாராவது கேட்பார்கள். எல்லாருக்கும் ஒரே வரியைக் கொடுத்தால்தான் மதிப்பு போகும். 130 வரிகளைக் கடைசி வாரத்தில் எழுத முடியாது. வகுப்பாசிரியர் மேசையில் ஒரு நோட்டு வைத்து, வாரம் இரண்டு பிள்ளைகள் என்று குறித்துவந்தால் முடியும். சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடமும் காவலாளியிடமும் கேளுங்கள். யார் கீழே கிடக்கும் தட்டை எடுத்து வைக்கிறான், யார் அழும் சின்னப் பிள்ளையை வகுப்புவரை கூட்டிப் போகிறாள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பணத்தை நான் பிரிப்பதென்றால் 2,800 ரிங்கிட் நடவடிக்கைகளுக்கு, 700 விழாவுக்கும் சான்றிதழுக்கும். மீதி 500-ஐத் தனியாக எடுத்து வையுங்கள், பயணச் செலவு கட்ட முடியாத குடும்பங்களுக்காக. அந்தப் பெயர்கள் வகுப்பாசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும், கூட்டத்தில் வாசிக்க வேண்டாம்.

ஸ்டோரில் இருக்கும் பன்னிரண்டில் ஆறு கிண்ணங்களின் பழைய பெயர்ப்பட்டையைக் கழற்றிவிட்டு வகுப்புகளுக்கான சுழற்கிண்ணமாக்கிவிடலாம், முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பு என்றால் சரியாக இருக்கும். சேர்ந்து ஒரு வேலையை முடித்த வகுப்பின் அலமாரியில் ஒரு தவணை இருக்கட்டும். மீதி ஆறும் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு. புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். மகன் மேடை ஏறாதது இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது. அவன் மாலையில் வீட்டில் எதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறான், எதைப் பற்றிப் பேசினால் நிறுத்தாமல் பேசுகிறான் என்பது மட்டும் இல்லை. அதை எழுதி அனுப்புங்கள், அவனுக்கு எங்கே தொடங்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.