ஐப்பசி பிறந்தாலே தலைவலி: மருத்துவர் பதில்கள்

கேள்வி: நான் தாம்பரத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை, வயது 43. ஐப்பசி பிறந்தாலே எனக்குத் தலைவலி தொடங்கிவிடுகிறது. தீபாவளிக்குத் துணிமணி எடுப்பது, பலகாரம் செய்வது, நாத்தனார் வீட்டுக்குச் சீர் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. நள்ளிரவில் படுத்தாலும் தூக்கம் பிடிப்பதில்லை. பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறேன். மனதை அமைதிப்படுத்த ஒரு வழி சொல்லுங்கள், டாக்டர்.

பதில்: மனதுக்கு வழி சொல்வதற்கு முன்னால், உங்கள் வேலைகளைக் குறைக்க வழி தேட வேண்டும் என்று நினைக்கிறேன். பகலெல்லாம் வகுப்பில் நின்றுவிட்டு, இரவு உணவுக்குப் பின் மறுபடியும் அடுப்பின் முன் நிற்கும் ஒருவருக்கு மூச்சுப் பயிற்சியை மட்டும் பரிந்துரைப்பது நியாயமாகாது.

அதிரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போவதற்குள் இடித்து, வெல்லப் பாகைப் பதம் தவறாமல் காய்ச்சி, மாவைச் சேர்த்துக் கிளறி, ஒன்றிரண்டு நாள் மூடி வைத்த பிறகே எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏற வேண்டும். அப்போதும் பாகின் பதம் பிசகியிருந்தால் அத்தனையும் எண்ணெயில் பிரிந்துபோகும். பெரிய குடும்பங்களில் மாமியார், ஓரகத்தி, நாத்தனார் என்று பல கைகள் பகிர்ந்துகொண்ட இந்த வேலையை, எதையும் குறைக்காமல், நீங்கள் ஒருவரே இரவு நேரத்தில் செய்து முடிக்கப் பார்க்கிறீர்கள். இந்த ஆண்டு வீட்டில் ஒரு பலகாரம் போதும். மற்றவற்றைக் கடையிலோ, செய்து தரும் பெண்களிடமோ வாங்கிக்கொள்ளுங்கள். முறுக்கு பிழிவதற்குக் கணவரின் கைகளில் பலம் கூடுதலாகவே இருக்கும். சீருக்கு எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதையும் கணவருடன் உட்கார்ந்து இப்போதே முடிவு செய்து, அதை நாத்தனாரிடம் அவரையே சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு உங்கள் தலையில் இருக்கும்வரை தூக்கம் வராது.

தலைவலியைப் பொறுத்தவரை, தூக்கக் குறைவு, நேரம் தவறிய சாப்பாடு, எண்ணெய்ப் புகை ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது கிளம்பிவிடும். ஏழு மணி நேரத் தூக்கத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதி நேரத்தில் அடங்கும் வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாலைக்குப் பின் காபி வேண்டாம். வலி மாத்திரைகளை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரைகளே தலைவலியை நிரந்தரமாக்கிவிடக்கூடும். தலைவலியுடன் பார்வை மங்கினாலோ, கை கால் மரத்துப்போனாலோ, இதுவரை கண்டிராத கடுமையுடன் திடீரென வலித்தாலோ, பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 61 வயது, சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். தீபாவளிக்கு இரவுப் பேருந்தில் திருநெல்வேலி போக வேண்டும். எதில் கவனம் தேவை?

பதில்: சர்க்கரை நோயாளிகள் இனிப்புக்குப் பயப்படும் அளவுக்கு, சர்க்கரை தாழ்ந்துவிடுவதற்குப் பயப்படுவதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணெய்க் குளியலை முடித்து, வழக்கம்போல் மாத்திரையையும் போட்டுவிட்டு, பூஜை, பட்டாசு, வந்தவர்களுடன் பேச்சு என்று காலை உணவை ஒன்பது மணிக்குத் தள்ளிப்போட்டால், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும். உணவு தயாரான பிறகே மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறிகுறிகள் தெரிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள்.

இனிப்பை அறவே விலக்கச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பின் சிறு துண்டு ஒன்று போதும். தீபாவளி லேகியத்திலும் வெல்லமும் நெய்யும் இருப்பதால், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மிக்சர், முறுக்கு, காராசேவு ஆகியவற்றின் உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும். மாத்திரைகளைப் பேருந்தின் அடியில் போடும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில், இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். தீபாவளியன்று ஊரில் மருந்துக் கடை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது.

கேள்வி: ஆடி மாதம் என் தாயார் காலமானார். இந்த ஆண்டு எங்களுக்குத் தீபாவளி இல்லை. பக்கத்து வீடுகளில் வெடிச் சத்தம் கேட்டாலே அழுகை வருகிறது. குழந்தைகளின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இது நோயா?

பதில்: நோயல்ல. மூன்று மாதத்துத் துக்கம் பண்டிகை நாளில் பெருகுவது இயல்பு. அன்று யாருக்கும் சிரித்த முகம் காட்ட வேண்டியதில்லை. தொலைபேசியில் விசாரிப்பவர்களிடம் கணவர் பேசட்டும். ஆனால், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் அன்றாட வேலைகளே நின்றுபோனால் மருத்துவரைப் பாருங்கள்; வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். குழந்தைகளை அன்று காலை அத்தை வீட்டுக்கு அனுப்புவதில் தவறில்லை; பாட்டிக்குச் செய்யும் அவமரியாதை அது என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.